நம் வீட்டுக் கமரா, நம் வீட்டுக்குள்ளேயே

கணவர் கட்டாரிலோ சவூதியிலோ உழைக்க, பிள்ளைகளோடு தனித்திருக்கும் சகோதரிகள் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நமது கரையோர ஊர்கள் எங்கும் இருக்கின்றார்கள். கடப்படியில் ஒரு கமரா இருந்தால் மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் கடையில் வாங்கும் மலிவான கமராக்களில் பல, படத்தை எங்கோ ஒரு கம்பனியின் கணனிக்கு அனுப்பிய பின்னரே நமது கைத்தொலைபேசிக்குத் தருகின்றன. தலையில் துணியின்றி முற்றம் கூட்டும்போது பதிவான படம் இப்போது யாருடைய பொறுப்பில் இருக்கின்றது? நம்மில் எத்தனை பேர் இதை விசாரித்திருக்கின்றோம்?

கமராவை நாமே செய்துகொண்டால் இந்தக் கவலை பெரிதும் தீரும். இது புதுமையும் அல்ல. 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணனி ஆய்வுகூடத்தார், கோப்பிப் பானையில் கோப்பி மிஞ்சியிருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்கத் தாமே ஒரு கமராவைப் பொருத்தினார்கள். 1993இல் அது இணையத்திலும் தெரிந்தது. சோம்பலிலும் சில நன்மை உண்டு போலும்! அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்தோர் முன்னின்று உருவாக்கியதுதான், 2012இல் 35 டொலருக்கு வெளிவந்த 'ராஸ்பெரி பை'. அடையாள அட்டையின் அளவே உள்ள முழுக் கணனி அது. 2013இல் அதற்கென்று சிறு கமராவும் வந்தது.

கணனி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வேலை கடினமில்லை. 'மோஷன்ஐ' என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்ற வேண்டும். அது ஒவ்வொரு படத்தையும் முந்திய படத்தோடு ஒப்பிட்டு, போதிய அளவு மாறியிருந்தால் மட்டும் பதிவு செய்யும். தென்னோலை அசைந்தாலும் மாற்றம்தான், கள்வன் வந்தாலும் மாற்றம்தான். ஆகவே அளவைப் பார்த்துத் திருத்த வேண்டும். கரண்ட் திடீரென நின்றால் மெமரி கார்ட் பழுதாகலாம் என்பதால் சிறு பெற்றறி ஒன்று துணைக்கு வேண்டும். நமது உப்புக்காற்றுக்கு மூடிய பெட்டியும் அவசியம்.

வெளிநாட்டிலிருந்து கணவர் பார்க்க வேண்டுமென்று ரவுட்டரில் வழியைத் திறந்து விடாதீர்கள். 2016இல் 'மிராய்' என்ற நச்சு நிரல், தயாரித்தவர்கள் இட்ட கடவுச்சொல்லை எவரும் மாற்றாத கமரா முதலிய கருவிகளில் பல இலட்சத்தைக் கைப்பற்றியது. கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வெளியிலிருந்து பார்ப்பதற்கு, 'வி.பி.என்.' எனும் பூட்டிய வழியை அமைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நமது ஊர்களில் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். கமராவை உயரத்தில் வைத்தால் அடுத்த வளவின் கிணற்றடியும் அதில் விழும். பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதை மார்க்கம் எவ்வளவு வன்மையாகக் கண்டிக்கின்றது என்பது நீங்கள் அறிந்ததே. கருவியால் பார்த்தாலும் அது பார்வைதான். படத்தின் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைத்துவிட இதே மென்பொருளில் வசதி உண்டு. ஒரு வாரம் கடந்த பதிவுகள் தானாக அழியும்படியும் வைக்கலாம். மறைத்த பிறகு படத்தை அடுத்த வீட்டு ராத்தாவிடம் காட்டி, "உங்கட பக்கம் ஒண்டும் தெரியலதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.