1978: ரசிகர்கள் காப்பாற்றிய படமும் கைவிட்ட படமும்

ஆண்டு முடியும் தறுவாயில், பார்த்த படங்களில் பிடித்தவை எவை என்று விரல்விட்டு எண்ணிப் பார்ப்பது சினிமா ரசிகர்களின் பழக்கம். சில ஆண்டுகளில் ஒரு கை விரல்களே மிச்சமாகிவிடும். 1978 அப்படியல்ல. எதை விடுவது என்பதுதான் சங்கடம்.

பெங்களூர்த் தமிழர் பலருக்கு முதலில் நினைவு வருவது ஒரு தெலுங்குப் படம். கே. பாலசந்தரின் "மரோ சரித்ரா" மே மாதம் வெளிவந்தது. விசாகப்பட்டினத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன். அண்டை வீட்டுத் தெலுங்குப் பெண். இரு வீட்டாருக்கும் நடுவே மொழி சுவராக நிற்கிறது. பிழைக்க வந்த ஊரில் அக்கம்பக்கத்தாரின் பேச்சைக் கற்றுக்கொண்டு வாழ்பவர்களுக்கு இது அயலார் கதையா என்ன? கறுப்பு வெள்ளைப் படம். கதாநாயகி சரிதாவோ புதுமுகம். இருந்தும் டப்பிங் செய்யாமல் தெலுங்கிலேயே சென்னையிலும் பெங்களூரிலும் ஓராண்டுக்கு மேல் ஓடியது.

ஆகஸ்டில் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு படங்கள். பாரதிராஜாவின் "கிழக்கே போகும் ரயில்" ராதிகாவை அறிமுகப்படுத்தியது. ரயில் பெட்டியின் முதுகில் கவிதை எழுதிக் காதலிக்குச் சேதி அனுப்பும் கற்பனை ஒன்றே போதும், அதைப் பட்டியலில் சேர்க்க.

மற்றொன்று "முள்ளும் மலரும்". கல்கி வெள்ளி விழாப் போட்டியில் பரிசு பெற்ற உமாசந்திரன் நாவலைத் தழுவி மகேந்திரன் டைரக்ட் செய்த முதல் படம். கர்நாடகத்துச் சிருங்கேரியிலும் உதகையிலும் படமாக்கப்பட்டது. "தங்கப் பதக்கம்" போன்ற படங்களுக்கு அனல் பறக்க வசனம் எழுதிய மனிதர், தம் சொந்தப் படத்தில் வசனத்தை வெட்டிச் சுருக்கிவிட்டார்! பேச வேண்டிய இடங்களில் பாலு மகேந்திராவின் காமிராவும் இளையராஜாவின் இசையும் பேசின. ஒரு காலத்தில் பெங்களூர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த ரஜினிகாந்த், வின்ச் ஆபரேட்டர் காளியாக வந்தார். முரடன், வீம்புக்காரன், தங்கை வள்ளி என்றால் உயிர். அந்த வீம்பு கடைசிக் காட்சியில்கூட முழுதாகக் கரைவதில்லை. எஞ்சினீயருக்குத் தங்கையைக் கொடுக்கும்போதே, அவரை இன்னும் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான். ஷோபாவின் வள்ளியோ நடிப்பு என்றே தோன்றாத நடிப்பு. முதல் சில வாரங்கள் கூட்டமில்லை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லியே படம் நூறு நாளை எட்டியது.

தீபாவளிச் சோதனை

அந்த அதிர்ஷ்டம் "அவள் அப்படித்தான்" படத்துக்கு இல்லை. தீபாவளியையொட்டி வந்த அதே வாரத்தில், கமல்ஹாசன் பெண்களைக் கொல்பவனாக வந்த "சிகப்பு ரோஜாக்கள்" வண்ணத்தில் மிரட்டிக் கொண்டிருந்தது. இங்கேயோ அதே கமல், பெண்களைப் பற்றி டாகுமெண்டரி எடுக்கும் சாது. ரஜினி, பெண் என்றாலே ஏளனம் செய்யும் விளம்பரக் கம்பெனி முதலாளி. இருவருக்கும் நடுவே ஸ்ரீபிரியாவின் மஞ்சு: ஆண்களிடம் ஏமாந்து ஏமாந்து, அனுதாபத்தைக்கூட நம்ப மறுப்பவள். அவளைத் தமிழ்ப் படக் கதாநாயகி என்று ஏற்க அன்றைய ரசிகர்களுக்கு மனம் வரவில்லை. கண்ணீர் விட்டிருந்தால் ஏற்றிருப்பார்களோ என்னவோ. பெண்ணுரிமை பேசிய டாகுமெண்டரிக்காரர் ஒன்றும் அறியாத பெண்ணை மணந்து வருகிறார்; மஞ்சு காரிலிருந்து இறங்கி நடுத்தெருவில் நிற்கிறாள். மணப்பெண்ணாக வந்தவரும் அதே சரிதாதான்.

பத்திரிகைகள் பாராட்டின. வங்க டைரக்டர் மிருணாள் சென் பாராட்டினார். நாளாக ஆக, 1978-ன் சிறந்த படம் எது என்ற பேச்சு வந்தால் இதன் பெயரே முந்தி வரத் தொடங்கியது. ஆனால் படத்தை எடுத்த திரைப்படக் கல்லூரி மாணவர் ருத்ரய்யாவுக்கு அதனால் பெரிய லாபமில்லை. 1980-ல் "கிராமத்து அத்தியாயம்" எடுத்தார். 2014-ல் காலமாகும்வரை அவர் டைரக்ட் செய்த மூன்றாவது படம் எதுவும் திரைக்கு வரவில்லை.