‘கிரெடிட்’னா வரவா, கடனா?

"சாலரி கிரெடிட் ஆயிடுச்சு"ன்னு மெசேஜ் வந்தா, அது வரவு. உங்க பணம்.

அதே வார்த்தை கிரெடிட் கார்டில் வந்தால் கடன். "கிரெடிட் லிமிட் 1 லட்சம்" என்றால் உங்களிடம் 1 லட்சம் இருக்குன்னு அர்த்தமில்லை. அதுவரை கடன் வாங்கலாம், அவ்வளவுதான். 20,000 ரூபாய் பில்லுக்கு 1,000 மட்டும் கட்டினால், மீதி 19,000-க்கு மாதம் 3.5% என்று வைத்தாலும் வட்டி 665 ரூபாய். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி வேற!

கார்டு ஸ்டேட்மென்ட்டில் தொகைக்குப் பக்கத்தில் ‘சிஆர்’ இருந்தால் பயப்படாதீங்க. அது நீங்கள் கட்டிய பணம் அல்லது ரீஃபண்ட்.

கிரெடிட் ஸ்கோர் என்பது கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுறீங்களா என்பதற்கான மார்க். சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. சம்பளம் கூடினால் மட்டும் இது கூடாது.

டாக்ஸ் கிரெடிட்? சம்பளத்தில் பிடித்த டிடிஎஸ், உங்கள் பேரில் வரவாக நிற்கும். ரிட்டர்ன் போடும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

"2 லட்சம் உடனே கிரெடிட் ஆகும்"னு லோன் மெசேஜ் வருதா? ஒரே கேள்வி கேளுங்க: இதைத் திருப்பிக் கட்டணுமா? கட்டணும்னா, அது வரவு இல்லை, கடன்.