யானையைத் துளைத்த அம்பு! அதன் முனை எப்படி இருந்திருக்கும்?

ஒரே ஓர் அம்பு. ஐந்து உயிர்கள்!

கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. ஒரு நாள் அவன் வேட்டைக்குப் போனான். வில்லை வளைத்தான். அம்பை விட்டான். அது ஒரு யானையை வீழ்த்தியது. அதோடு நிற்கவில்லை. வாயைப் பிளந்து நின்ற புலியைக் கொன்றது. மானை உருட்டியது. காட்டுப்பன்றியைச் சாய்த்தது. கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் உடம்பில் தைத்து நின்றது!

பாடியவர் வன்பரணர் என்ற புலவர். புறநானூற்றில் 152-வது பாட்டு அது.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். புலவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லி இருப்பார். அதை விடுங்கள். ஓரியின் தோளை எல்லோரும் புகழ்கிறோம். அவன் வில்லைப் புகழ்கிறோம். அம்பின் நுனியில் இருந்த அந்தச் சின்ன இரும்பை யாராவது நினைத்தோமா? முதல் எலும்பிலேயே அது மடங்கி இருந்தால், ஓரிக்குப் பாட்டு கிடைத்திருக்காது. யானையின் மிதிதான் கிடைத்திருக்கும்!

எந்த இரும்பு நிற்கும், எந்த இரும்பு மடங்கும் என்று தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை. ஒரு பக்கம் துறைமுகம். ஒரு பக்கம் ரெயில் பாதை. தெருவுக்குத் தெரு பட்டறை. காசிமேட்டில் மீன் அரியும் பெண்கள் கத்தியைக் கையில் எடுத்ததுமே அதன் தரத்தைச் சொல்லி விடுவார்கள். அம்பு முனையின் கதையும் அதே கதைதான்.

கல்லால் ஆன முனை

எண்ணூரில் கடலில் கலக்கிறதே, கொசஸ்தலை ஆறு, அதன் மேல்பகுதிக்குப் போவோம். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர் அங்கே ஆதி மனிதனின் கல் ஆயுதங்களைக் கண்டுபிடித்தார். அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். நம் ஊர் ஆற்றின் கரையில்!

அவை கைக்கோடரிகள். அம்பு மிகவும் பின்னால் வந்தது. இலங்கையில் பாகியன் குகை என்று ஒன்று உண்டு. எலும்பைக் கூராகச் செதுக்கிய அம்பு முனைகள் அங்கே கிடைத்தன. சுமார் 48 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2020-ல் எழுதினார்கள். அந்த முனைகளை வைத்துக் குரங்கையும் அணிலையும் அடித்தார்கள். பெரிய மிருகத்துக்கு அது போதாது.

கல் முனை என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் இஷி என்று ஒரு செவ்விந்தியர் இருந்தார். அவருடைய கூட்டத்தில் கடைசியாக மிஞ்சிய ஒரே ஆள். 1911-ல் காட்டை விட்டு வெளியே வந்தார். எரிமலைக் கண்ணாடிக் கல்லிலும், உடைந்த பாட்டில் கண்ணாடியிலும் அழகாக அம்பு முனை செய்வார். அவரிடம் வில்வித்தை கற்ற டாக்டர் சாக்ஸ்டன் போப் ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒரு பெட்டியில் மாட்டு ஈரலை நிரப்பி, மேலே தோலைப் போர்த்தி, இரண்டு வகை அம்புகளையும் விட்டார். எஃகு முனையை விடக் கண்ணாடிக் கல் முனை ஆழமாகப் போயிற்று!

அப்படியானால் இரும்பு எதற்கு? ஈரலுக்கு எலும்பு இல்லை. காட்டு மிருகத்துக்கு உண்டு. எலும்பில் பட்டால் கண்ணாடி சிதறி விடும்.

அம்பு எப்படிக் கொல்கிறது?

துப்பாக்கிக் குண்டு பலமாக மோதி உடம்பைச் சிதைக்கும். அம்பு அப்படி இல்லை. அது அறுக்கும். ரத்தக் குழாய் அறுபட்டு ரத்தம் கொட்டினால்தான் மிருகம் விழும். அதனால் முனை தோலைத் தாண்டி, விலா எலும்பைத் தாண்டி, உள்ளே போக வேண்டும். போன பிறகும் கூர் மிஞ்சி இருக்க வேண்டும். வெளியே கூராக இருந்து, உள்ளே போகும்போது மழுங்கினால் என்ன பிரயோஜனம்?

அப்படி மழுங்கினால் இரண்டு ஆபத்து. காயம்பட்ட மிருகம் வேடன் மீது பாயும். அல்லது ஓடிப் போய்ப் புதரில் கிடந்து, நாள் கணக்கில் துடித்துச் சாகும். இரண்டாவதுதான் கொடுமை. வேடனுக்கு இறைச்சியும் இல்லை. மிருகத்துக்கு நல்ல சாவும் இல்லை.

காட்டுப்பன்றியை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் பன்றியின் தோளில், தோலுக்கு அடியில், கேடயம் மாதிரி ஒரு தடித்த பகுதி இருக்கும். மற்ற ஆண் பன்றியின் கொம்புப் பல் குத்தாமல் இருக்க இயற்கை கொடுத்த கவசம். மட்டமான முனை அதிலேயே மடங்கிவிடும்.

கப்பல் இரும்பில் செய்த அம்பு

சென்னைத் துறைமுகத்தில் இருந்து அந்தமானுக்குக் கப்பல் போகிறது. சுமார் 1,200 கிலோமீட்டர். ஏறக்குறைய மூன்று நாள் பிரயாணம். போய்ச் சேரும் ஊர் போர்ட் பிளேர். 2024-ல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தத் தீவுகளில் ஜாரவா என்ற ஆதிவாசிகள் வாழ்கிறார்கள். வில்லும் அம்பும் கொண்டு காட்டுப்பன்றி வேட்டையாடி வந்தவர்கள் அவர்கள். அந்தமான் பழங்குடியினர் யாருக்கும் இரும்பை உருக்கி எடுக்கத் தெரியாது. பின்னே அம்புக்கு இரும்பு ஏது?

கடல் கொடுத்தது! பாறையில் மோதி உடைந்த கப்பல்கள் கரை ஒதுங்கும். ஆணி, தகடு, பட்டை என்று அகப்பட்டதை எல்லாம் எடுத்துக்கொள்வார்கள். 1981-ல் 'பிரிம்ரோஸ்' என்ற சரக்குக் கப்பல் வட சென்டினல் தீவின் அருகே பவளப்பாறையில் ஏறிச் சிக்கியது. கப்பலில் இருந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அந்தத் தீவுக்கு வெளியார் போகக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டிருக்கிறது. அங்கே வாழும் மக்களுக்கு அந்தக் கப்பல் இரும்புக் களஞ்சியம் ஆகிவிட்டது.

இரும்பு கிடைத்துவிட்டது. உலை இல்லை, துருத்தி இல்லை, சம்மட்டியும் இல்லை. எப்படி முனை செய்தார்கள்? காய்ச்சாமலே, கல்லால் தட்டித் தட்டி வடிவம் கொடுத்தார்கள். பிறகு கல்லில் தேய்த்துக் கூர் ஏற்றினார்கள். பார்க்கப் பாமர வேலை. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காய்ச்சாத இரும்பைத் தட்டத் தட்ட அது இறுகும். பாத்திரம் தட்டுகிறவர்களைக் கேளுங்கள். தட்டிய செம்பு எப்படி விறைக்கிறது என்று சொல்வார்கள். அந்தமான் வேடர்களும் இரும்புக்கு வலு ஏற்றியது இப்படித்தான்.

அவர்களுடைய பன்றி அம்பு இன்னும் அதிசயமானது. முனை தனி, கோல் தனி. இரண்டையும் ஒரு முறுக்குக் கயிறு இணைக்கும். பன்றியின் உடம்பில் முனை தைத்ததும் கோல் கழன்றுவிடும். பன்றி ஓடும். கயிறு அவிழும். பின்னால் இழுபடும் கோல் புதரிலும் வேரிலும் மாட்டிக்கொள்ளும். பன்றி ஓட முடியாமல் நிற்கும்! முனையில் முள் வைத்திருப்பதால் அது பிடுங்கிக்கொண்டும் வராது. காசிமேட்டு மீனவர்களுக்கு இது சட்டென்று புரியும். தூண்டில் முள்ளின் வேலையும் அதுதானே?

அருணாசலப் பிரதேசத்து மலைவாசிகள் வேறு வழி கண்டார்கள். முனையில் நாபி என்ற செடியின் விஷத்தைத் தடவினார்கள். விஷம் இருந்தால் முனை ஆழமாகப் போகத் தேவை இல்லை.

நல்ல முனை எது?

விஷமும் கயிறும் இல்லாமல், வெறும் அம்பால் பெரிய மிருகத்தை அடிப்பவர்கள் சில நாடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலும் அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர்கள் முனை வாங்கும்போது என்ன பார்ப்பார்கள்?

முதலில் பதம். அரிவாளுக்கு உள்ள அதே பதம். இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று தோய்த்தால் இறுகும். அதோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். மறுபடி இளஞ்சூடு காட்டி, கொஞ்சம் இளக வைக்க வேண்டும். பச்சை இரும்பு மடங்கும். முறுகிய இரும்பு முறியும். இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல முனை. கடினத்தை அளக்க ராக்வெல் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதில் 50-க்குச் சற்று மேலே இருந்தால் நல்லது என்பார்கள். அளவுக் கருவி இல்லாதவர்கள் ஓர் அரத்தை எடுத்துத் தேய்த்துப் பார்க்கலாம். அரம் வழுக்கிக்கொண்டு போனால் முறுகல். வெண்ணெய் மாதிரி அறுத்தால் பச்சை. கொஞ்சம் முரண்டு பிடித்து அறுத்தால் சரி.

அடுத்தது நுனி. ஊசி போல இருந்தால்தான் நல்லது என்று தோன்றும். அது தப்பு. ஊசி நுனி எலும்பில் பட்டதும் சுருண்டுவிடும். சுருண்ட நுனி பிரேக் போட்ட மாதிரி அம்பை நிறுத்திவிடும். உளி போலச் சிறிது தட்டையான, தடித்த நுனிதான் தாங்கும்.

மூன்று நான்கு அலகு வைத்த முனைகளும் கடையில் உண்டு. அம்பு தைக்கும்போது விரியும் மடக்குக் கத்தி முனைகளும் உண்டு. மானுக்கு அவை போதும். எலும்பு கனத்த மிருகத்துக்கு, இரண்டு பக்கம் கூர் உள்ள, ஒரே துண்டு எஃகில் செய்த முனைதான் பழைய ஆட்களின் தேர்வு. ஒட்டுப் போட்ட இடம்தான் முதலில் விடும் என்பது பற்றவைப்பு வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஹோவர்ட் ஹில் என்ற அமெரிக்க வில்லாளி 1950-ல் ஆப்பிரிக்காவில் யானையையே அம்பால் வீழ்த்தினார். முனையின் நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அகலமான ஆப்பை விட ஒடுங்கிய ஆப்பு சுலபமாக இறங்கும் அல்லவா?

நம் கூத்திலும் படங்களிலும் பிறைச் சந்திர அம்பு வரும். மேடையில் ஜோராக இருக்கும். பன்றியின் தோளில் அதைப் பரீட்சை செய்தால் தெரியும் அதன் யோக்கியதை!

எட் ஆஷ்பி என்ற அமெரிக்கர் 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் இதைப் பெரிய அளவில் சோதித்தார். பல விதமான முனைகளை மிருகங்களின் உடம்பில் எய்து, எது எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்து வைத்தார். அவர் கண்ட முதல் விஷயம், முனையோ கோலோ சேதப்பட்டால் மற்ற எதுவும் உதவாது என்பது. இரண்டாவது, அம்பு கனமாக இருக்க வேண்டும். சுமார் 42 கிராமுக்கு மேல் இருந்தால்தான் கனத்த எலும்பை நம்பிக்கையாகத் துளைக்கும் என்றார். காலிக் கைவண்டியை ஒரு கையால் நிறுத்திவிடலாம். மூட்டை ஏற்றிய வண்டி உருண்டு வரும்போது குறுக்கே நிற்க முடியுமா?

இன்னொன்றும் சொன்னார். கத்திக்கு இரு புறமும் சாணை பிடிப்போம். உளிக்கு ஒரு புறம்தான். உளி மாதிரி சாணை பிடித்த அம்பு முனை, உள்ளே போகும்போதே திருகும். அந்தத் திருகலில் எலும்பு வெடித்து வழி விடும். ஆனால் அம்பின் வாலில் கட்டிய இறகும் அதே பக்கம் சுழல வேண்டும். முனை ஒரு பக்கமும் இறகு ஒரு பக்கமும் இழுத்தால் ஒரு பலனும் இல்லை.

முனை கோலில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அம்பை உள்ளங்கையில் வைத்து உருட்டினால் நுனி ஆடக் கூடாது. ஆடுகிற முனை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் வீண். வாங்கிய பிறகு சாணைக்கல்லில் தீட்டி, கை மயிர் இறங்கும் அளவு கூர் ஏற்ற வேண்டும். எண்ணெய் தடவி வைக்க வேண்டும். கடல் காற்று படும் ஊரில் இரண்டு நாளில் துரு ஏறிவிடும்.

நாம் வேட்டை ஆடலாமா?

கூடாது! 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. துப்பாக்கி ஆனாலும் சரி, வில் ஆனாலும் சரி. யானை, புலி, காட்டெருமை போன்றவற்றைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. ஏழு ஆண்டு வரைக்கும் போகலாம். விளையாட்டுக்காக வில் பழகும் பிள்ளைகளின் அம்பில் அலகு இருக்காது. துப்பாக்கிக் குண்டின் மூக்கு போன்ற முனைதான் இருக்கும்.

ஆனால் நம் முன்னோரின் அம்பு முனையைக் கண்ணால் பார்க்கலாம். திருநெல்வேலிச் சீமை ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகர் என்ற ஜெர்மானியரும், பிறகு அலெக்சாண்டர் ரீ என்பவரும் தோண்டினார்கள். தாழிகளோடு வாள், ஈட்டி, அம்பு முனை என்று ஏராளமான இரும்புச் சாமான்கள் கிடைத்தன. அதே தாமிரபரணிக் கரைப் பகுதியில் சிவகளை என்ற ஊர் இருக்கிறது. அங்கே 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது.

ரீ தோண்டி எடுத்த பொருள்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு பஸ் தூரம்தான். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். துருப்பிடித்துக் கிடக்கும் இரும்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நுனி தடித்திருக்கிறதா, ஒடுங்கி நீண்டிருக்கிறதா, கோலில் செருகக் காம்பு வைத்திருக்கிறார்களா, குழாய் வைத்திருக்கிறார்களா என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்று விடுமுறை.