“ஒரு அணுகுண்டு போட்டா முடிஞ்சுது”... அவ்வளவு ஈஸியா? கருத்துக்கணிப்புகள் சொல்வது என்ன?

எல்லையில் பதற்றம் என்றாலே, பிள்ளையார்பாளையம் டீக்கடையானாலும் சரி, வாட்ஸ்அப் குரூப்பானாலும் சரி, ஒரு குரல் கேட்கும்: “ஒரு அணுகுண்டு போட்டா முடிஞ்சுது!” உண்மையிலேயே முடிஞ்சுடுமா? பார்க்கலாம்.

மக்கள் மனநிலை என்ன?

1945 ஆகஸ்ட்டில் ஹிரோஷிமா, நாகசாகி மீது அமெரிக்கா குண்டு வீசியதை, கேலப் கருத்துக்கணிப்பில் 85% அமெரிக்கர்கள் ஆதரித்தனர். 2015இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, ‘நியாயம்தான்’ என்றவர்கள் 56%. ஜப்பானில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 14%. கேள்வி ஒன்றுதான். குண்டு யார் தலையில் விழுந்தது என்பதில்தான் பதில் மாறுகிறது.

நம்ம ஊரில் விழுந்தால்?

ஹிரோஷிமாவில் குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 1.6 கி.மீ. வரை ஏறக்குறைய எல்லாமே அழிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1.4 லட்சம் பேர் இறந்தனர். பிள்ளையார்பாளையத்தை நடுவில் வைத்து அதே வட்டத்தைப் போட்டால், கைலாசநாதர் கோயிலும் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களும் அதற்குள் வந்துவிடும்.

இந்தியாவின் நிலைப்பாடு என்ன?

2003 ஜனவரி 4இல் அறிவித்த கொள்கைப்படி, அணு ஆயுதத்தை இந்தியா முதலில் பயன்படுத்தாது. நம் மீது அணு ஆயுதத் தாக்குதல் நடந்தால் மிகக் கடுமையான பதிலடி உண்டு. பெரிய அளவில் உயிரி, ரசாயன ஆயுதத் தாக்குதல் நடந்தாலும் அணு ஆயுத பதிலடிக்கு வாய்ப்பு வைத்திருக்கிறது. உத்தரவிடும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுக்கு மட்டுமே.

இது மாறுமா?

இது கொள்கைதான், சட்டம் அல்ல. ‘எதிர்காலத்தில் என்ன என்பது சூழ்நிலையைப் பொறுத்தது’ என 2019 ஆகஸ்ட்டில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் கூறியிருந்தார். அதனால்தான் டீக்கடைப் பேச்சுக்கும் எடை உண்டு. “போட்டா முடிஞ்சுது” என்பதற்கு முன், யாருக்கு முடியும் என்று ஒருமுறை யோசிக்கலாமே!