பேட்டரியைத் தின்ற சோறு

அதிகாலை இரண்டு மணி இருக்கும். கணவரின் குறட்டைச் சத்தம் என்னை எழுப்பியது. மற்ற வீடுகளில் இது சாதாரணம். எனக்கோ திக்கென்றது. தூக்கத்தில் மூச்சு தடைப்படும் பிரச்சினை அவருக்கு உண்டு. மூன்று ஆண்டுகளாக, ‘சிபேப்’ இயந்திரத்தின் முகமூடியை அணிந்துதான் தூங்குகிறார், குறட்டையே இல்லை. அன்று அந்த இயந்திரம் நின்றுபோயிருந்தது.

நாங்கள் இருந்தது நியூசிலாந்தின் மவுண்ட் குக் அடிவாரத்தில், வைட் ஹார்ஸ் ஹில் முகாமில். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானிலிருந்து பிள்ளைகளோடு போய், வாடகைக் கேம்பர்வேனில் சுற்றிக்கொண்டிருந்தோம். அந்த முகாமில் மின் இணைப்பு கிடையாது. வண்டியின் பேட்டரிதான் கதி.

என்ஜினை முடுக்கலாம் என்றேன். “சுற்றிலும் கூடாரத்தில் ஆட்கள் தூங்குகிறார்கள், வேண்டாம்” என்று தடுத்துவிட்டார். தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்ந்து உட்கார வைத்தேன். விடியும்வரை அவர் மூச்சை எண்ணிக்கொண்டே விழித்திருந்தேன்.

காலையில், பக்கத்து வண்டியிலிருந்த உள்ளூர்ப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னோம். “நேற்று என்ன சமைத்தீர்கள்?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சோறு என்றேன். வீட்டிலிருந்து கொண்டுபோன சிறிய ரைஸ் குக்கரில்!

அவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். எங்களுடையது 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. அதாவது 1,200 வாட்-மணி. அதில் பாதிக்குமேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். ஆக, கையில் இருப்பது 600தான். 500 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 250. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 300. ஒரு வேளைச் சோறு பாதியைத் தின்றுவிட்டது!

மீதியைக் குளிர்பெட்டியும் சிபேப்பும் பார்த்துக்கொண்டன. அதோடு, முதல் நாள் முழுவதும் நாங்கள் ஹூக்கர் பள்ளத்தாக்கில் நடக்கப் போய்விட்டோம். வண்டி ஓடினால்தான் என்ஜின் பேட்டரியை நிரப்பும். கூரையில் சூரியத் தகடு இருந்தும், வானம் மேகமூட்டமாக இருந்ததால் பெரிய பயனில்லை.

அன்றிலிருந்து சமையலறைக் கணக்கை விடக் கண்டிப்பாகப் பேட்டரிக் கணக்கைப் பார்த்தேன். சோறு கேஸ் அடுப்பில், பானையில். கைப்பேசிகளுக்கு வண்டி ஓடும்போது மட்டுமே மின்னூட்டம். சிபேப் இயந்திரத்தில் அதிக மின்சாரம் குடிப்பது காற்றை ஈரப்படுத்தும் சூடேற்றி. கணவர் தம் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு அதை அணைத்தார். பெட்டியின் அடியில் சும்மா கிடந்த 12 வோல்ட் கம்பியில் இயந்திரத்தை நேரடியாக இணைத்ததால், இன்வெர்ட்டர் இழப்பும் மிச்சம். இரவு முழுக்க ஓடினாலும் 250 வாட்-மணிக்குள் அடங்கியது.

மீட்டரைப் படிக்கவும் பெரியவர் கற்றுக்கொடுத்தார். எல்லாவற்றையும் அணைத்துச் சற்று நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஈய அமில பேட்டரியின் கடைசிப் பகுதி மெதுவாகத்தான் நிரம்பும் என்பதால், மூன்று இரவுக்கு ஒருமுறை மின் இணைப்புள்ள முகாமில் தங்கினோம். முதலில் போனது டுவைசல் ஊருக்கு.

வாடகை வண்டியைக் கொடுத்தவர்கள் இதையெல்லாம் விளக்கத்தான் செய்தார்கள். நான்தான் மலையை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். மருத்துவக் கருவியோடு போகிறவர்கள் என்னைப் போல் இருந்துவிடாதீர்கள். அது ஒரு மணி நேரத்திற்கு எத்தனை வாட்-மணி எடுக்கும் என்பதை வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயணத்தின் கடைசி இரவில் மறுபடியும் விழிப்பு வந்தது. காதைத் தீட்டிக் கேட்டேன். குறட்டை இல்லை, இயந்திரத்தின் மெல்லிய இரைச்சல் மட்டும். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.