லைன் வீட்டுச் சொந்தங்கள்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் இருவர் சந்தித்துக்கொண்டால், பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்பது 'சொந்த ஊர் எது?' என்பதாகத்தான் இருக்கும். மதுரை என்பார் ஒருவர், திருநெல்வேலி என்பார் மற்றவர். பெங்களூரில் அல்சூர், ஜோகுபாளையம், மர்பி டவுன் பக்கம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'தங்கவயல்' என்ற பதில் அடிக்கடி வரும். தங்கவயலில் எங்கே என்று மேலும் கேட்டால் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் வராது. ஏதாவதொரு 'லைன்' பெயர்தான் வரும். அந்த லைன் வீடுகளைப் பற்றியும், அங்கே சிதறிப்போன அக்கம்பக்கத்தாரை மீண்டும் தேடிக் கண்டுபிடித்ததைப் பற்றியும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நானும் ஒரு லைன் வீட்டுப் பிள்ளைதான்.

தங்கம் அழைத்த கூட்டம்

கோலார் தங்கவயல் பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அங்கே சுரங்க வேலையைப் பெரிய அளவில் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து நிலமற்ற ஏழை மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பஞ்சம் ஒரு காரணம். ஊரில் நிமிர்ந்து நடக்க விடாத சாதிக் கொடுமை இன்னொரு காரணம். என் தாத்தாவும் வட ஆற்காட்டிலிருந்து அப்படி வந்தவர்தான்.

1894 இல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை 16 கிலோமீட்டர் ரயில் பாதை வந்தது. பவுரிங்பேட்டைதான் இன்றைய பங்காரப்பேட்டை. 1902 இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு கிடைத்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905 இல்தான்! குடிநீர் பேத்தமங்கலத்தில் பாலாற்றைத் தடுத்துக் கட்டிய ஏரியிலிருந்து வந்தது. எங்கள் தாத்தாக்கள் எந்தப் பாலாற்றங்கரையை விட்டு வந்தார்களோ, அதே ஆற்றின் மேல்பகுதித் தண்ணீரைத்தான் தங்கவயலில் குடித்தார்கள்.

தட்டியும் தகரமும்

இத்தனை பொறியியல் சாதனைகளும் நடந்த ஊரில், தொழிலாளிக்குக் கிடைத்த வீடு எது? மரச் சட்டம், மூங்கில் தட்டிச் சுவர், மேலே நெளித் தகரம். ஒரே அளவில், ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கும். அந்த வரிசைக்குப் பெயர்தான் லைன். குழாயும் கழிப்பிடமும் எல்லாருக்கும் பொது. 1960களில் எங்கள் வீட்டில் ஒரே அறை, முன்னால் ஒரு சிறு தாழ்வாரம். அதற்குள் ஏழு பேர் இருந்தோம். கோடையில் தகரம் சுடும். மழை பெய்தால் பேச்சுக் குரல் கேட்காது.

தட்டிச் சுவரில் ரகசியம் தங்காது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் அடுத்த வீட்டில் கஷாயம் கொதிக்கும். ஒரு வீட்டில் கணவன் கை ஓங்கினால் நான்காவது வீட்டுப் பெரியவரின் செருமல் கேட்கும். ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கும். மாரியம்மன் திருவிழாவுக்குக் கூழ் ஊற்றுவதும், கிறிஸ்துமஸ் இரவில் பாட்டுக் கோஷ்டி வருவதும் லைனுக்கே பொதுவான சங்கதிகள். அம்மாவுக்கு உடம்பு முடியாத நாளில் நாங்கள் எந்த வீட்டில் சாப்பிட்டோம் என்று அப்பா கேட்டதே இல்லை. எங்கேயாவது சாப்பிட்டிருப்போம் என்பது அவருக்குத் தெரியும்.

உலகெங்கும் தற்காலிக வீடுகள்

தற்காலிகமாகப் போட்ட வீட்டில் ஒரு தலைமுறையே வளர்ந்து ஆளாவது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. இரண்டாம் உலகப்போரில் குண்டு வீச்சில் வீடிழந்தவர்களுக்காக, 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிரிட்டனில் 1,56,000க்கும் மேற்பட்ட வீடுகளைத் தொழிற்சாலையில் பாகம் பாகமாகச் செய்து கொண்டுபோய் நிறுத்தினார்கள். போர் விமானம் செய்த தொழிற்சாலைகளே அலுமினிய வீடுகளையும் செய்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கினால் போதும் என்பது கணக்கு. ஆனால் தென்கிழக்கு லண்டனில் கேட்ஃபோர்டு என்ற இடத்தில் 1945-46 இல் எழுந்த 187 வீடுகள் அறுபது ஆண்டுகளைத் தாண்டி நின்றன. இடிக்கப் போகிறார்கள் என்றதும் பலர் எதிர்த்துப் போராடினார்கள். 2009 இல் ஆறு வீடுகள் மட்டும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவிக்கப்பட்டன. 2014 இல் அங்கேயே ஒரு வீட்டில் சிறு அருங்காட்சியகம் அமைத்து, பழைய குடியிருப்பாளர்களின் நினைவுகளைத் திரட்டத் தொடங்கினார்கள்.

நம் நாட்டிலும் முயன்றார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்ற கட்டடக் கலைஞர் 1939 முதல் மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றினார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் சில கட்டடங்கள் அவர் வடிவமைத்தவை. 1948 இல் மத்திய அரசு அவரை டெல்லிக்கு அழைத்துக்கொண்டது. பிரிவினை அகதிகளுக்காகத் தொழிற்சாலையில் வீடு செய்யும் திட்டம் அங்கே தொடங்கியது. ஆனால் சுவர்ப் பலகைகள் விரிசல் விட, திட்டம் கைவிடப்பட்டது. அந்தத் தொழிற்சாலை பின்னாளில் எங்கள் ரயில்வேக்குக் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் செய்து கொடுத்தது.

நிலம் அதிரும் இரவு

எங்கள் தட்டி வீட்டுக்கும் ஒரு சோதனை இருந்தது. அதுதான் 'ராக் பர்ஸ்ட்'. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். பாறையை வெட்டி எடுக்க எடுக்க, மேலே உள்ள சுமை எஞ்சிய பாறையின் மீது ஏறும். தாங்க முடியாத கட்டத்தில் அது வெடித்துச் சிதறும். மேலே நிலம் அதிரும், தகரம் கடகடக்கும், அடுக்கி வைத்த பாத்திரங்கள் உருளும். தட்டிச் சுவர் ஆடும், ஆனால் விரிசல் விடாது. எடை குறைந்த, வளைந்து கொடுக்கும் அமைப்பு அதிர்வைத் தாங்கும் என்பதை டிப்ளமா வகுப்பில் படிப்பதற்கு முன்பே நான் வீட்டில் பார்த்திருந்தேன்.

நிலம் அதிர்ந்த மறு நிமிடம் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். பெண்கள் தாழ்வாரத்தில் நிற்பார்கள். கூச்சல் இருக்காது. 'மூணாவது வூட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட்டு. கடைசி வூட்டுப் பையன் பகல் ஷிப்ட்டு, வந்துட்டான். எதுத்தாப்ல இருக்கறவரு இன்னைக்கு லீவு' என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் தலையசைப்பார்கள். யார் கீழே இருக்கிறார், யார் மேலே இருக்கிறார் என்ற கணக்கு எந்த நோட்டுப் புத்தகமும் இல்லாமல் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். கீழே இருப்பவரின் மனைவியைச் சுற்றி மற்றவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்து, அவர் நடந்து வரும் வரை யாரும் எழுந்து போகமாட்டார்கள். ஒருமுறை அப்படி விடிய விடிய உட்கார்ந்தும் ஒருவர் திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் பதினாறாம் நாள் வரை அடுப்பு மூட்ட விடாமல், லைனே முறை வைத்துச் சோறு கொடுத்தது.

சிதறியது

1956 இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. தங்கம் குறைந்தது, செலவு கூடியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்த ஊரில் மிஞ்சியவை நின்றுபோன சக்கரங்களும், காற்றடித்தால் தூசு பறக்கும் சயனைடு மண் குன்றுகளும்தான். பிள்ளைகள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் வந்து வேலை பார்த்துவிட்டு இரவு திரும்பலானார்கள். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

எங்கள் குடும்பம் அதற்கு முன்பே, அப்பா ஓய்வு பெற்றதும் வெளியேறியது. கம்பெனி வீடு வேலைக்காகக் கொடுத்த வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நான் ரயில்வேயில் சேர்ந்து குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக மாறி, 2019 இல் ஓய்வு பெற்று ஜோகுபாளையத்தில் குடியமர்ந்தேன்.

ஒரு தாளில் 24 கட்டங்கள்

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் வரைபடத்தாள் ஒன்றை எடுத்து, ஸ்டேஷன் யார்டுக்குப் படம் போடுவதுபோல எங்கள் லைனை வரைந்தேன். 24 வீடுகள், 24 கட்டங்கள். குழாய், புளிய மரம், மாரியம்மன் கல் எல்லாம் அதனதன் இடத்தில். குடும்பப் பெயர்களை எழுதப் பார்த்தபோது 9 கட்டங்கள்தான் நிரம்பின.

தாளைப் பையில் வைத்துக்கொண்டு மாரிகுப்பம் ரயிலில் ஏறினேன். பங்காரப்பேட்டை தாண்டியதும் எதிரே இருந்த மூதாட்டி என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த லைனுப்பா நீ?"

சொன்னேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கடைசிக்கு முந்தின வூட்டுப் புள்ளயா? புளிய மரத்துலருந்து வுழுந்து கைய ஒடிச்சிக்கினது நீயா, உங்கண்ணனா?" என்றார்.

விழுந்தவர் அண்ணன்தான். கேட்டவர் மூன்றாம் வீட்டு அக்கா. மாரிகுப்பம் சேர்வதற்குள் ஆறு கட்டங்களை நிரப்பிக் கொடுத்தார். அவர் காட்டிய வழியில் ஒருவர், அவர் மூலம் இன்னொருவர் என்று ஓசூர், ஆம்பூர், சென்னை, துபாய் வரை நூல் நீண்டது. இன்றைக்கு 17 வீட்டாரோடு பேச்சு வார்த்தை இருக்கிறது. 2023 டிசம்பரில் ஜோகுபாளையத்தில் எங்கள் மாடியில் 31 பேர் கூடினோம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களெல்லாம் 'டேய்', 'அடியே' என்று கூப்பிட்டுக்கொண்டதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள்.

சாட்சி

பழங்கதை பேசிச் சாப்பிட்டுக் கலைவதோடு இது முடிந்திருக்கலாம். முடியவில்லை. கூட்டத்துக்கு வந்த ஓர் அண்ணி, கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். கணவரின் பெயர் வேலைப் பதிவில் ஒருவிதம், ரேஷன் கார்டில் இன்னொரு விதம், ஆதாரில் மூன்றாவது விதம். மூன்றும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆதாரம் எங்கள் மாடியில் உட்கார்ந்திருந்தது! அவருடைய இடப்புற வீட்டுக்காரரும் வலப்புற வீட்டு அக்காவும் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார், எந்த ஷிப்ட், திருமணம் எப்போது, மூத்த பெண் பிறந்தது எப்போது என்று எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அன்று ராத்திரி ஷிப்டை எண்ணிய அதே கணக்கு, ஐம்பது ஆண்டு கழித்துக் காகிதத்தில் ஏறியது. சில மாதங்களில் அண்ணிக்குப் பணம் வரத் தொடங்கியது.

ஏழைக்குப் பதிவேடு அக்கம்பக்கத்தார்தான். அவர்கள் சிதறினால் பதிவேடும் சிதறுகிறது. ஒவ்வொருவராக மறையும்போது ஒவ்வொரு பக்கமாகக் கிழிகிறது.

தங்கவயலை இன்று பலரும் சினிமா வழியாக அறிகிறார்கள். 2018 இல் வந்த கன்னடப் படமும், 2024 இல் வந்த 'தங்கலான்' தமிழ்ப் படமும் அந்தப் பெயரை நாடெங்கும் கொண்டுபோயின. ஆனால் லைன் வீடுகளில் இன்னமும் குடும்பங்கள் வாழ்கின்றன. தலைமுறைகளாகக் குடியிருக்கும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. அதற்கும் யார் எந்த வீட்டில் எத்தனை காலம் இருந்தார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் தேவை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

லைன் என்ற சொல் தங்கவயலோடு நிற்பதல்ல. இலங்கை மலையகத்தில் அது 'லயம்' ஆயிற்று. மூணாறிலும் மலேசியத் தோட்டங்களிலும் தமிழன் குடியிருந்தது அதே வரிசை வீடுகளில்தான். இவ்விதழை வாசிக்கும் பலர் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. குடியிருப்புகளிலோ, மில் குவார்ட்டர்ஸிலோ, ரயில்வே காலனியிலோ வளர்ந்திருப்பீர்கள். ஒரு தாள் எடுங்கள். வளர்ந்த வரிசையைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் குடும்பத் தலைவர் பெயர், வேலை, வந்த ஆண்டு, போன ஆண்டு ஆகிய நான்கையும் எழுதுங்கள். தெரியாததை எண்பது வயதுக்காரரிடம் முதலில் கேளுங்கள். அறுபது வயதுக்காரரிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். பிரதி எடுத்து நான்கு வீடுகளில் கொடுத்து வையுங்கள்.

என் தாளில் இன்னும் 7 வீட்டாரைக் காணவில்லை. சாம்பியன் ரீஃப் பக்கம், குழாயடியில் புளிய மரம் நின்ற லைனில் 1960களில் குடியிருந்தவர் யாரேனும் இதைப் படித்தால், சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நான் வந்து பார்க்கிறேன். வரும்போது தாளைக் கொண்டுவருகிறேன்.