உங்களுக்குத் தெரியுமா? தசை சொல்வதை எலும்பு கேட்கிறது!

● தசை சுருங்கும்போதெல்லாம் தசைநாண் வழியாக எலும்பு இழுபடுகிறது. எலும்புக்குள் பதிந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் அந்த இழுப்பை உணர்ந்து, புது எலும்பு கட்டும் வேலையை முடுக்கிவிடுகின்றன. இழுப்பு குறைந்தால் ஸ்க்ளீரோஸ்டின் என்ற புரதத்தை அதிகம் சுரந்து, அதே வேலைக்குத் தடை போடுகின்றன.

● சிறுவயதிலேயே டென்னிஸ் ஆடத் தொடங்கியவர்களுக்கு, மட்டை பிடிக்கும் கையின் மேல்கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். உடலும் உணவும் ஒன்றுதான். உழைப்பு மட்டுமே வேறு.

● விண்வெளி வீரர்களுக்கு நேர்வது இதற்கு நேர்மாறு. எடையற்ற நிலையில் இடுப்புப் பகுதி எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையக்கூடும். இதைத் தடுக்கவே சர்வதேச விண்வெளி நிலையத்தில் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

● தசை ரசாயனத் தூதும் அனுப்புகிறது. ஹார்வர்டு விஞ்ஞானி புரூஸ் ஸ்பீகல்மேன் குழு 2012இல் அறிவித்த ஐரிசின் ஹார்மோன் அத்தகைய தூதுகளில் ஒன்று. சுண்டெலிகளுக்கு அதைச் சிறிதளவு செலுத்தியபோது எலும்பு உறுதிப்பட்டது.

● எலும்பும் பதில் தருகிறது. அது வெளியிடும் ஆஸ்டியோகால்சின் என்ற புரதம், உடற்பயிற்சியின்போது தசை சர்க்கரையை எரிபொருளாக்க உதவுவதைச் சுண்டெலிகளில் கண்டிருக்கிறார்கள்.

● ஆகவே எலும்புத் தேய்மானத்தைத் தடுக்கப் பாலும் கால்சியம் மாத்திரையும் மட்டும் போதாது. படி ஏறுங்கள், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். ஏற்கெனவே எலும்பு பலவீனமானவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.